ஏற்றத்தில் சத்தம் மட்டும் ஏறுகிறது

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். 2009 மாடல் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், ஆட்டோமேடிக் கியர், 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளச் மிதிக்கிற வண்டி எனக்கு ஆகாது. காலையில் லீவரை ‘டி’யில் போட்டால் இரண்டு மூன்று நொடி சும்மா நின்றுவிட்டு டம்மென்று உதைத்துக்கொண்டு கிளம்புகிறது. மகள் வீட்டுக்குக் கொல்லம் போகும்போது புளியரை ஏற்றத்தில் இன்ஜின் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரித்துச் செய்ய 1,10,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொருவர், வேறு வண்டியில் கழற்றிய பாக்ஸை 45,000க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார். மகனோ, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், புது மாடலில் வரும் 6 கியர் பாக்ஸாகவே போட்டுவிடலாமே என்கிறான். யார் சொல்வதைக் கேட்கட்டும் அண்ணாச்சி?

பதில்: டீச்சர், கார் கம்பெனியின் பெயரை விட்டுவிட்டு உங்கள் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். இந்தக் கோளாறு எல்லாக் கம்பெனி வண்டிக்கும் வயதானால் வருவதுதான்.

அந்தப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேரில் ஒருத்தராவது கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தாரா? கடிதத்தில் அது இல்லை. நாடி பிடிக்காமலே ஆபரேஷனுக்குத் தேதி குறித்த கதையாக இருக்கிறது.

வண்டியை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு சமதளத்தில் நிறுத்துங்கள். சில வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது அளவு பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்த உடனே. உங்கள் கையேட்டில் போட்டிருக்கும். குச்சியில் இருப்பதை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். குங்குமத்தைக் கரைத்த மாதிரி சிவப்பாகப் பரவினால் நல்ல சேதி. சுக்குக்காப்பி நிறத்தில் இருந்து, கருகிய வாடையும் அடித்தால் பாக்ஸுக்குள் கியரைப் பிடிக்கிற கிளச் பிளேட் தீய்ந்திருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி பால் கலந்து தெரிந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் தண்ணீர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

அளவு குறைவாக இருந்தாலே நீங்கள் சொல்கிற இரண்டு தொந்தரவும் வரும். ஆட்டோமேடிக் பாக்ஸில் கியரைப் பிடித்து வைப்பது ஆயில் அழுத்தம்தான். அழுத்தம் போதவில்லையென்றால் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கும். ஏற்றத்தில் சத்தம் மட்டும் ஏறுவது அதனால்தான். காலையில் தாமதமாவதற்கு உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் விறைத்துப் போயிருப்பதும் காரணமாக இருக்கும். டம்மென்ற உதையில் கொஞ்சம் இன்ஜின் மவுண்டிங் ரப்பரின் வேலையாகவும் இருக்கலாம், அது சின்னச் செலவு. ஸ்கேனர் போட்டு சொலினாய்டு, அதாவது ஆயிலைத் திறந்து மூடுகிற கரண்ட் வால்வு, ஏதும் கோளாறு காட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொலினாய்டு ஒன்று மாற்றுவதோடு வேலை முடிந்த வண்டிகளும் உண்டு.

அப்புறம் பாக்ஸ் ஆயிலை வடிக்கிற டிரெய்ன் போல்ட். அதன் முனையில் காந்தம் இருந்தால் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். விபூதி குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, இத்தனை வருட ஓட்டத்தில் அது சேரும். விரலில் குத்துகிற மாதிரி இரும்புச் சில்லு இருந்தால் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரிப்பதென்று வந்துவிட்டால், உங்கள் பாக்ஸையே செய்யுங்கள். கழற்றிய பாக்ஸை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஓடிய வண்டியை நீங்கள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், பாக்ஸின் மேல் அடித்திருக்கும் கோட் நம்பரும் உங்களுடையதோடு பொருந்த வேண்டும். குடோன் தரையில் ஆயில் ஒழுகிக் கிடக்கும் பாக்ஸை நம்பி 45,000 கொடுப்பது சந்தையில் வாயைப் பார்க்காமல் மாடு பிடிப்பதுதான்.

இதில் நானே ஒரு அடி பட்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒருவருக்குக் கழற்றிய பாக்ஸ் மாட்டினேன், நல்ல பாக்ஸ்தான். பழைய பாக்ஸ் அரைத்துத் தள்ளிய இரும்புத்தூள் ஆயில் கூலரிலும் குழாயிலும் கிடந்ததை நான் கழுவவில்லை. மூன்றே வாரம். கங்கைகொண்டான் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி நின்றுவிட்டது. முன்சக்கரம் தரையில் உருள ஆட்டோமேடிக் வண்டியைக் கட்டி இழுக்கக் கூடாது என்பதால் வண்டியையே தூக்கி வைக்கிற லாரி வரும்வரை அவரும் நானும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் 1,10,000 சொன்னவரிடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜின் சுற்றுவதை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்துகிற உருண்டை) வெட்டிச் சுத்தம் செய்வாரா அல்லது மாற்றுவாரா; கூலரும் குழாயும் கழுவுவதா அல்லது புதுசா; பிரித்த பிளேட்டுகளை உங்களிடம் காட்டுவாரா. நான் பாக்ஸைக் கோவைக்கு அனுப்பித்தான் செய்து வாங்குகிறேன். இங்கேயே செய்கிறவர் என்றால், அவர் கையில் முடிந்துபோன வண்டி ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் மகன் சொல்கிற 6 கியர் யோசனையை விட்டுவிடுங்கள். மவுண்டிங், ஆக்சில், கம்ப்யூட்டர் எல்லாமே வேறு. ஒன்றை மாற்றப்போய் வண்டியையே மாற்ற வேண்டியிருக்கும். உருப்படியான மாற்றம் என்று ஒன்று இருக்கிறது: ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர். நம்மூர் சித்திரை வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு மலை ஏறுகிற வண்டிக்கு அது புண்ணியம்.

கடைசியாக ஒன்று. 2009 வண்டிக்கு 15 வருடம் முடிந்துவிட்டதே, ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்றா? இல்லையென்றால் முதலில் பச்சை வரி கட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனையை முடியுங்கள். பாடியில் துரு அரித்து அந்தச் சோதனையிலேயே வண்டி தேறாமல் போனால் இந்த லட்சத்தைப் புது வண்டிக்கு முன்பணமாகக் கட்டிவிடலாம்.

கேள்வி: ஆட்டோமேடிக் வண்டியை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா? – வள்ளியூர் வாசகர்.

பதில்: ஆகாது தம்பி. இந்தக் காலத்து இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு ஊற்ற வேண்டும். போதாததற்கு இன்ஜின் பிடிப்பும் போய்விடும், பாரம் முழுக்க பிரேக்கில். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்போது பாக்ஸுக்குள் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும், பிரேக் மிதியும் கல்லாகிவிடும்.