திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகனுக்குப் பதினோரு மாதம். ‘வேண்டாம்’ என்றால் காதிலேயே வாங்குவதில்லை. மிக்சி வயரைப் பிடித்து இழுக்கிறான். அதட்டினால், வயரை விடாமலே திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான், மறுபடியும் இழுக்கிறான். வாசலில் கிடக்கும் செருப்பைக் கடிப்பதிலும் இதே கதைதான். கணவர் கைதட்டி ரசிக்கிறார். நான் பிடுங்கி வைத்ததை மாமியார் அடுத்த நிமிடமே அவன் கையில் கொடுக்கிறார். போன வாரம் நாக்கில் தேன் தடவினார். எனக்குப் பிடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் யாரையும் மறுத்துப் பேசியதில்லை, கோபம் வந்தாலும் சிரித்தே சமாளித்துவிடுவேன், அது வேறு விஷயம். இப்போதே சொல்பேச்சு கேட்காதவன் நாளை என்ன ஆவான்? எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரி,

‘அது வேறு விஷயம்’ என்று நீங்கள் ஒதுக்கிய இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அவன் திரும்பிப் பார்ப்பதை அடங்காமை என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ‘இதைத் தொடலாமா?’ என்று உங்கள் முகத்திடம் கேட்கிறான். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளம்போல் தோன்றும் கண்ணாடித் தளத்தில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டார்கள். எதிரே தாய் மலர்ந்த முகத்தோடு நின்றபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்து வந்தன. பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூட வரவில்லை. தாய்மார்கள் வாயே திறக்கவில்லை.

மாமியாரிடம் காட்டும் அதே சிரிப்பை அவனிடமும் காட்டுகிறீர்களோ என்று சந்தேகிக்கிறேன். வாய் ஒன்று சொல்கிறது, முகம் வேறொன்று சொல்கிறது. அவன் முகத்தை நம்புகிறான்.

மாமியார் மேல் உங்களுக்கு வருத்தம். ஆனால் தேன் கூடாது என்று நீங்கள் சொல்லவே இல்லையே! பெரியவர்களிடம் பேச வேண்டியதை விழுங்கிவிட்டு, பச்சைப் பிள்ளை பேச்சு கேட்கவில்லை என்று நோவது நியாயமா?

கத்தச் சொல்லவில்லை. சிரிக்காமல் ஒருமுறை சொல்லுங்கள். உடனே எழுந்துபோய் அவனைத் தூக்கி வேறு பக்கம் உட்காரவையுங்கள். புரிந்தாலும் கையை அடக்கிக்கொள்ளும் வயது இல்லை இது. வயரைக் கழற்றிச் சுருட்டி மேலே வைக்க வேண்டியது பெரியவர்கள்தான்.

தேன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். மலச்சிக்கலோ, அழுகையில் பலவீனமோ, பால் குடிப்பதில் சோர்வோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மாமியாரிடம் இன்றே பேசிவிடுங்கள். அவர் முகம் வாடினால் வாடட்டும். கணவரைத் தூது அனுப்ப வேண்டாம்.