வீடு வாங்கும்போது நடைதூரம் – ஒரு கடிதம்

வணக்கம்.

புறநகரில் சொந்த வீடு வாங்க இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது புதிய வீடு. மூன்று படுக்கையறை, கீழ்த்தளத்திலேயே குளியலறையோடு ஓர் அறை, அமைதியான தெரு. ஆனால் கடை, பள்ளி, பேருந்து நிறுத்தம் எல்லாமே மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டாவது பழைய வீடு, ஓர் அறை குறைவு. அங்கிருந்து எல்லாம் பத்து நிமிட நடைதான். நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். விலை ஏறக்குறைய ஒன்றே. "கார் இருக்கும்போது நடந்து போகிற வசதிக்காக ஓர் அறையை இழப்பதா?" என்கிறார் கணவர். வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு வீட்டிலிருந்து வேலை. எங்களோடு ஒன்பது வயது மகளும், வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்ட 71 வயது மாமனாரும் இருக்கிறார்கள். நடைதூரத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

வணக்கம்.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. கார் ஓட்டுகிற ஒருவருக்கு நடைதூரம் ஒரு வசதி, அவ்வளவுதான். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டில் நான்கு பேரில் இரண்டு பேர் ஓட்டுவதில்லை. முதல் வீட்டில் அந்த இருவரும் வெளியே கிளம்ப வேண்டுமென்றால் உங்களில் ஒருவர் சாவியை எடுக்க வேண்டும். மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், மாமனாருக்கு ஒரு மாத்திரை, தோழி வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று ஒவ்வொன்றும் யாராவது கொண்டுபோய் விட்டு, மறுபடி போய்க் கூட்டி வருகிற வேலையாகிவிடும். அந்த வேலை யார் தலையில் விழும்? இதை இப்போதே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இது பேசப்படாமலே ஒருவரிடம், பெரும்பாலும் பெண்ணிடம், வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது வண்டி வாங்கித் தீர்க்கலாம் என்று தோன்றினால், அதன் தவணை, எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு எல்லாவற்றையும் முதல் வீட்டின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்போது இரண்டு வீடும் ஒரே விலையாக இருக்காது.

வீடு வாங்கும்போது பயண நேரத்தை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம் என்பதற்கு ஆதாரம் உண்டு. அலோயிஸ் ஸ்டுட்சர், புருனோ ஃப்ரே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஜெர்மனியின் தொடர் கணக்கெடுப்பை வைத்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குப் போய்வர நீண்ட நேரம் செலவழிப்பவர்களுக்கு, நல்ல வீடோ நல்ல சம்பளமோ அதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் அவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைந்தவர்களாகவே இருந்தார்கள். கூடுதல் அறை, வீட்டைப் பார்த்த அன்றே கண்ணுக்குத் தெரிகிறது. தினமும் போய்வருகிற அலுப்பு குடிபோன பிறகுதான் தெரியும்.

அதற்காக இரண்டாவது வீடுதான் என்று உடனே சொல்லிவிட மாட்டேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பெரிய சாலை. பத்து நிமிட நடை என்கிறீர்கள். யாருடைய பத்து நிமிடம்? மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அது சுமார் 800 மீட்டர். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை அளந்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆண்களின் சராசரி வேகம் விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. அந்த வேகத்தில் உங்கள் மாமனாருக்கு அதே 800 மீட்டர் கால் மணி நேரம். அது பரவாயில்லை, அவருக்கு அவசரம் இருக்காது. ஆனால் அதே நாட்டில் சாலை கடக்கும் சிக்னலுக்கு வைத்திருந்த கணக்கு விநாடிக்கு 1.2 மீட்டர். 20 மீட்டர் அகலச் சாலையில் சிக்னல் அவருக்கு ஏறக்குறைய 17 விநாடி தரும்; அவருக்குத் தேவை 22. மிச்ச ஐந்து விநாடி அவர் இன்னும் சாலையில்தான் இருப்பார். சிக்னலே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வண்டிகளின் வேகத்தையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மோதும் காரின் வேகம் 50இலிருந்து 65 கிலோமீட்டராக ஏறும்போது நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு 4.5 மடங்காகிறது.

ஆகவே வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வரைபடத்தில் 500 மீட்டர் என்று தெரிவது, நடுவில் மதில் சுவரோ முட்டுச்சந்தோ இருந்தால் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றாகிவிடும். புறநகர்க் குடியிருப்புகள் பலவும் ஒரே வாசல் வழியாகப் பெரிய சாலைக்கு வந்து சேரும்படிதான் போடப்பட்டிருக்கின்றன. ஓர் இடத்திலிருந்து கடை, பள்ளி போன்றவை எவ்வளவு நடைதூரத்தில் இருக்கின்றன என்று கணக்கிட்டு இணையத்தில் தரப்படும் வாக் ஸ்கோர் போன்ற மதிப்பெண்களும் ஓரளவுக்குத்தான் உதவும். 2007இல் தொடங்கிய அது, ஐந்து நிமிட நடைக்குள் இருக்கும் இடத்துக்கு முழு மதிப்பெண்ணும், அரை மணி நேரத்தைத் தாண்டினால் பூஜ்யமும் கொடுக்கிறது. நடைபாதை உடைந்து கிடக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா என்பதை அது சொல்லாது. பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, முடிந்தால் மழை பெய்யும்போது ஒருமுறை போய் நடந்து பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேருந்து வருகிற நிறுத்தம் பக்கத்தில் இருந்து பெரிய பயனில்லை.

முதல் வீட்டின் அமைதியையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு அறிஞர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளைக்கு சுமார் 2,000 வண்டிகள் போன தெருவில் குடியிருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போன தெருவில் 0.9தான். இரண்டாவது வீடு அந்தப் பெரிய சாலையைப் பார்த்தபடியே இருக்கிறதா, உள்தெருவில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சாலையை ஒட்டியே இருந்தால், கடை பக்கத்தில் இருப்பதால் கிடைப்பதை இரைச்சலும் புகையும் பறித்துக்கொள்ளும்.

சில விஷயங்களை நடைதூரத்துக்காக விட்டுக்கொடுக்கவே கூடாது. தண்ணீர் தேங்கும் இடம், விரிசல் விட்ட கட்டடம், பத்திரத்தில் சிக்கல், மூச்சு முட்டும் தவணை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த வீட்டை மறந்துவிடுங்கள். அதேபோல முதல் வீட்டுக்காரர்கள் "இரண்டு வருடத்தில் எல்லாம் பக்கத்திலேயே வந்துவிடும்" என்று சொல்லியிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று இருப்பதை மட்டும் பாருங்கள்.

உங்கள் கணவருக்கு வேண்டிய தனி அறை உண்மையான தேவை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான். பழைய வீட்டில் கூடத்தின் ஒரு பகுதியைத் தடுத்து ஓர் அறை எடுக்க முடியுமா, மாமனாருக்குக் கீழேயே குளியலறை அமைக்க முடியுமா என்று ஒரு பொறியாளரைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். முடியும் என்றால் நான் இரண்டாவது வீட்டின் பக்கம். மகள் இன்னும் சில ஆண்டுகளில் தனியாக வெளியே போகும் வயதுக்கு வந்துவிடுவாள். மாமனாருக்குத் தானாகப் போய்வருகிற பழக்கம் எத்தனை ஆண்டு நீடிக்கிறதோ அத்தனையும் லாபம். அந்தச் சாலையை அவரால் பயமில்லாமல் கடக்க முடியாதென்றால் என் பதில் மாறும். அப்போது இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு, சாலைக்கு இந்தப் பக்கமே கடையும் நிறுத்தமும் உள்ள மூன்றாவது வீட்டைத் தேடச் சொல்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். கணவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், மாமனார் சொன்னது ஒரு வரிகூட இல்லை. இப்போது இருக்கும் இடத்தில் அவர் தினமும் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று கேட்டுவிட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரையும் அழைத்துக்கொண்டு அந்தச் சாலை வரை போய் வாருங்கள்.