ப்ராகில் மூன்று நாள், ஒற்றை ஆளாக (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அக்டோபர் நடுவில் அலுவலக வேலையாக ஒரு வாரம் பெர்லின் போகிறேன். வெள்ளி மதியத்தோடு வேலை முடிகிறது. திங்கள் மாலை வரை செக் நாட்டுத் தலைநகர் ப்ராகில் இருந்துவிட்டு வர ஆசை. கூட யாரும் இல்லை. சொன்னவர்களெல்லாம் “அது தேனிலவுக்குப் போகிற ஊராச்சே, தனியா போய் என்ன பண்ணுவே?” என்கிறார்கள். எனக்கு ஆற்றோரமாக நடந்தால் போதும். ஜெர்மனி விசாவோடு அங்கே போகலாமா? எங்கே தங்குவது? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? நாட்களை எப்படிப் பிரிப்பது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போய்வாருங்கள். ப்ராகின் வல்டாவா ஆற்றங்கரை தன் முழு அழகையும் காட்டுவது காலை எட்டரைக்கு முன்னும், இரவு கூட்டம் கலைந்த பின்னும்தான். அந்த நேரத்துக்கு அறையை விட்டுக் கிளம்ப ஒற்றை ஆளால் முடியும். இன்னொருவரை எழுப்பி, குளிக்க வைத்து, காத்திருந்து போவதற்குள் வெயில் ஏறிவிடும்.

விசா பற்றி. நீங்கள் அதிக நாள் தங்குவது ஜெர்மனியில் என்பதால் ஜெர்மனி விசாவே போதும். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் சிக்கல் இல்லை, ஷெங்கன் நாடுகளுக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லை தாண்டுவது புதிய நுழைவாகக் கணக்கில் வராது. ஆனால் விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தில் ப்ராகையும் சேர்த்துவிடுங்கள். விசாவில் கொடுக்கும் நாட்கள் இந்த மூன்று நாளையும் சேர்த்து இருக்க வேண்டும். காப்பீடு ஷெங்கன் முழுவதற்கும், குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். திரும்பும்போது எல்லையருகே ஜெர்மன் போலீசார் ரயிலில் ஏறிச் சோதிப்பதுண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டு மேலே ஏற்றிவிடாதீர்கள்.

பெர்லினிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெள்ளி பிற்பகல் வண்டி நிரம்பி வழியும், இருக்கையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். போகும்போது இடதுபக்க ஜன்னல். ட்ரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு அந்தப் பக்கம் சேர்ந்துகொள்ளும். பிர்னாவிலிருந்து தெச்சின் வரை எதிர்க்கரையில் மணற்கல் பாறைகள் செங்குத்தாக நிற்கும். வல்டாவா மெல்னிக் என்ற ஊரில் எல்பேயோடு கலக்கிறது. ப்ராகின் தண்ணீரை எதிர்த்துத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மதியம் ஒரு மணி வாக்கில் ஏறினால் வெளிச்சம் இருக்கும்போதே இதையெல்லாம் பார்த்துவிடலாம். சில வண்டிகள் ஹோலெஷோவிட்சே நிலையத்திலும் நிற்கும். அங்கே இறங்க வேண்டாம், அதற்கடுத்து வரும் ப்ராகின் தலைமை நிலையம்தான் உங்களுடையது.

அங்கே செலாவணி கொரூனா, யூரோ இல்லை. வங்கிக் கிளைச் சுவரில் பதித்த ஏடிஎம்மில் எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள். “ரூபாயில் மாற்றித் தரவா?” என்று திரை கேட்டால் மறுத்துவிட்டுக் கொரூனாவையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் விகிதத்தில் அடி விழும். கடையில் கார்டு போடும்போதும் அப்படியே. நாணய மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால், 1,000 யூரோ வரையிலான தொகைக்கு மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். 2019 முதல் சட்டம் அது.

தங்க வினோஹ்ராடி பகுதியைப் பாருங்கள், நாமெஸ்தி மீரு மெட்ரோ பக்கம். பழைய நகரத்தில் இரவெல்லாம் குடிச்சத்தம். ஆற்றுக்கு மறுகரையில் மாலா ஸ்த்ரானா அழகுதான், ஆனால் வாடகையும் ஏற்றமும் அதிகம். எங்கே தங்கினாலும் தெரு முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் கல். பெட்டியின் சக்கரம் அதன் இடுக்கில் மாட்டும், மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடி கொண்ட பழகிய ஷூவாகக் கொண்டுபோங்கள்.

ட்ராம், மெட்ரோ, பஸ் மூன்றுக்கும் ஒரே சீட்டு. 72 மணி நேரச் சீட்டு உங்களுக்குச் சரியாக வரும். காகிதச் சீட்டு வாங்கினால் மஞ்சள் பெட்டியில் ஒரே ஒருமுறை முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறினாலும் அபராதம், இரண்டாம் முறை குத்தினாலும் சீட்டு செல்லாது. பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள்.

நாட்களைக் கிழமை பார்த்து அடுக்குங்கள். யூத அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் தூய வீதுஸ் பேராலயம் ஞாயிறு காலை வழிபாட்டுக்காகப் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். இது தெரியாமல் போய் வாசலில் நின்று திரும்புகிறவர்கள் ஏராளம்.

சனி காலை சார்லஸ் பாலம். அக்டோபர் நடுவில் சூரியன் எழவே ஏழு இருபது ஆகும், ஆறே முக்காலுக்குப் போய் நில்லுங்கள். பழைய நகரக் கோபுரத்தின் பக்கமிருந்து ஏறுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் எழுந்து, முதல் வெளிச்சம் எதிரே குன்றின் மேல் உள்ள கோட்டையில் விழும். 1357இல் தொடங்கிய பாலம், 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், 30 சிலைகள். சிலைகளில் பல இப்போது நகல்கள்தான். வலப்பக்கம் எட்டாவதாக நிற்கும் நெபோமுக் யோவான் என்ற புனிதரின் சிலை 1683இல் வார்த்த வெண்கலம். பீடத்தில் இரண்டு புடைப்புச் சிற்பத் தகடுகள். சிலை கறுத்துப்போயிருக்க, அந்தத் தகடுகளில் விரல் படும் இடம் மட்டும், நம் ஊர்க் குத்துவிளக்கைத் துலக்கியதுபோல, பளபளவென்று மின்னும். அவரை 1393இல் ஆற்றில் தள்ளிய இடத்தைக் கைப்பிடிச் சுவரில் ஐந்து நட்சத்திரமிட்ட சிறு சிலுவை காட்டும். பத்து மணிக்கு இந்தப் பாலத்தில் தோளோடு தோள் இடிக்கும், பிக்பாக்கெட்டும் அங்கேதான்.

அங்கிருந்து தெற்கே அடுத்த பாலம் வரை கரையோடு நடங்கள். நடுவில் தடுப்பணை, தண்ணீர் சரியும் சத்தம் கூடவே வரும். அந்தப் பாலத்தின் படியில் இறங்கினால் ஸ்த்ரெலெட்ஸ்கி தீவு. அதன் வடமுனையில் பெஞ்சில் உட்கார்ந்தால் சார்லஸ் பாலம் முழு நீளத்துக்கும் எதிரே தெரியும். சனிக்கிழமை என்பதால் இன்னும் தெற்கே நாப்லாவ்கா படித்துறையில் உழவர் சந்தை கூடும், மதியத்துக்குள் போய்விடுங்கள். பிற்பகல் விஷெஹ்ராத் கோட்டை. நுழைவுக் கட்டணம் கிடையாது, மேற்கு மதிலிலிருந்து கீழே ஆறு. வெளிச்சம் மங்குவதைப் பார்க்க ஊரில் அதைவிட அமைதியான இடம் இல்லை என்பேன்.

ஞாயிறு மதியத்துக்குமேல் ப்ராக் கோட்டை. 22ஆம் எண் ட்ராமில் போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய் இறங்கி, சரிவாக நடந்து வாருங்கள், ஏறவே வேண்டாம். முற்றங்களுக்குக் கட்டணமில்லை. பேராலயத்துக்குள் போகச் சீட்டு வேண்டும், அது இரண்டு நாள் செல்லும். 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள்.

சாப்பாடு. “பெஸ் மாஸா” என்றால் இறைச்சி இல்லாமல். பன்றித் தொடையை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையலறைகள் உண்டு, “பெஸ் ஷுன்கி” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப் காய்கறிபோலத் தெரிந்தாலும் எலும்புச் சாறு இருக்கலாம், கேளுங்கள். ஸ்மாஜெனி சீர் என்ற பொரித்த சீஸ் எங்கும் கிடைக்கும், வயிற்றில் கல்போல நிற்கும். சோறும் பருப்பும் தேடினால் தாபா பெயாஸ் என்ற சைவ உணவகக் கிளைகள் உண்டு, தட்டை எடை போட்டு விலை சொல்வார்கள். தனியாக மேஜை கேட்கக் கூச்சப்பட வேண்டாம். செக் உணவுக்கடைகளில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் உட்காருவது வழக்கம். “யே டு வொல்னோ?” (இடம் காலியா?) என்று கேட்டுவிட்டு உட்காரலாம். மேஜையில் ஒரு துண்டுச்சீட்டு வைத்துப் பேனாவால் கோடு போட்டுப் போவார்கள். அதுதான் உங்கள் கணக்கு, கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

திங்கள் காலை ஒன்பதுக்கு யூதக் குடியிருப்பு. யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற செக் யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர், பிறந்த நாளோடு, வரி வரியாக எழுதியிருக்கிறது. அக்டோபரில் யூதப் பண்டிகைகள் வரும், திறந்திருக்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆற்றை நோக்கிச் சில நிமிடம் நடந்தால் யான் பலாக் சதுக்கம். சோவியத் படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் அவர். அவர் படித்த சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடத்தில் அவரது முகவார்ப்பு பதித்திருக்கிறது. தமிழ் படித்த நாம் அந்த வாசலில் இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கலாம். இதே ஊரில் 1927இல் பிறந்த கமில் சுவெலபில் 1960களில் தமிழ் கற்பித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை அந்தக் கரையிலேயே இருக்கலாம். பக்கத்திலேயே ஸ்தாரோமெஸ்த்ஸ்கா மெட்ரோ. ஏ தடத்தில் முஸேயும் வரை போய், சி தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் ரயிலடி. பெட்டியைக் காலையிலேயே நிலையத்தின் லாக்கரில் வைத்துவிடுங்கள். திரும்பும்போது வலதுபக்க ஜன்னல்.