வீடு சந்திப்பும் ஞாயிறு பிரசங்கமும்

கேள்வி: எங்கள் போதகர் அருமையாகப் பிரசங்கிக்கிறார். ஆனால் தோட்டத்து வீடுகளுக்கு வருவது குறைந்துவிட்டது. கேட்டால், பிரசங்க ஆயத்தத்துக்கே நேரம் போதவில்லை என்கிறார். இவற்றுள் எது முதன்மையானது?
– சபை மூப்பர் ஒருவர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஐயா, வீடு சந்திப்பு பிரசங்க ஆயத்தத்தின் நேரத்தைப் பறிப்பதில்லை, அதுவே ஆயத்தத்தில் பாதி என்பது என் உறுதியான எண்ணம். எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும் பவுல், தாம் வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் போதித்ததை ஒரே மூச்சில் சொல்கிறார் (அப்போஸ்தலர் 20:20). இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர் பேர்பெற்ற பிரசங்கி. ஆயினும் திங்கள், செவ்வாய் இரு நாள்களையும் ஒதுக்கி, உதவியாளருடன் சேர்ந்து வாரம் 15, 16 குடும்பங்களைச் சந்தித்தார். பத்து ஆண்டுகள் பிரசங்கம் கேட்டும் அசையாத சிலர் அரைமணி நேர நேர்ப்பேச்சில் உணர்வடைந்ததை அவர் 1656இல் எழுதியிருக்கிறார்.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்குப் போதகர் புதன்கிழமைதோறும் சைக்கிளில் வருவார். ஒரு நவம்பர் மாதம், விரலிடுக்கில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டே, “பத்து நாளா மழைங்க ஐயா, மரம் வெட்ட முடியல” என்றார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை செய்த அம்மா. போதகர் அறிவுரை ஏதும் சொல்லாமல் ஜெபித்துவிட்டுப் போனார். அந்த ஞாயிறு, திராட்சத்தோட்டத்து வேலையாள்களின் உவமையை எடுத்தார். கடைசி மணி நேரத்தில் வந்தவர்களைச் சோம்பேறிகள் என்றே கேட்டுப் பழகியிருந்த எங்களுக்கு, தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று அவர்கள் சொல்லும் பதிலை அன்றுதான் நிறுத்தி விளக்கினார். அவர்கள் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டுமே என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வீட்டில் கேட்டது பிரசங்கியின் காதைக் கூர்மையாக்கலாமே தவிர, பிரசங்க மேடையில் உதாரணமாக வரவே கூடாது. நாற்பது வீடுகள் உள்ள தோட்டத்தில் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடியாது. ஒருமுறை அப்படி நேர்ந்தால் அடுத்த முறை கதவு திறக்கும், வாய் திறக்காது.

உங்கள் போதகருக்கு நேர நெருக்கடி உண்மையாகவே இருக்கலாம். பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணம் போய்விட, தோட்டத்தில் தனித்திருக்கும் முதியவர்களை மூப்பர்களும் முறைவைத்துச் சந்திக்கலாம். ஆனால் போதகரின் இடத்தை அது நிரப்பாது. ஆகவே குறை சொல்லாமல், வாரம் ஒரு மாலையை மட்டும் கேட்டு வாங்குங்கள். நீங்களும் உடன் செல்லுங்கள். நெடுநாளாக ஆலயத்துக்கு வர முடியாத நோயாளியின் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.