வீட்டில் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள எந்த சிஎன்சி ரௌட்டர் வாங்கலாம்? பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

சிஎன்சி ரௌட்டர் என்பது கணினிக் கட்டளைப்படி பிட்டை (சுழலும் வெட்டும் அலகை) நகர்த்தி வெட்டும் மெஷின். மரம், பிளைவுட், கொஞ்சம் அக்ரிலிக், ஆசைக்கு எப்போதாவது அலுமினியம். இவற்றை வெட்ட, கையில் உள்ள பணத்துக்குக் கிடைப்பதிலேயே பெரிய டேபிள் உள்ள மெஷினை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அதே பணத்துக்குச் சின்ன டேபிளோடு, ஆட்டம் கொடுக்காத உறுதியான மெஷின் கிடைக்கும். அதைப் பாருங்கள்.

பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலைத் தாங்குவது இரண்டு பக்கமும் பிடிமானம் உள்ள ஒரு குறுக்குச் சட்டம். அதே கனத்தில் சட்டத்தின் நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். பிட்டுக்கும் இதே கணக்குதான்: அதைக் கவ்விப் பிடிக்கும் கொலெட்டுக்கு வெளியே இரண்டு மடங்கு நீட்டிக்கொண்டிருந்தால் எட்டு மடங்கு வளைவு. பிட்டின் விட்டம் பாதியானால் 16 மடங்கு. வளைகிற மெஷினில் அளவு தப்பும், வெட்டிய ஓரத்தில் அலை அலையாகத் தடம் விழும், பிட் உடையும். மரம் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் பொறுக்காது.

அதனால் முதலில் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெயர்ப்பலகை, பெட்டி, தட்டு, கிட்டார் உடம்பு போன்றவை பெரும்பாலும் 600-க்கு 400 மி.மீ. இடத்துக்குள் அடங்கிவிடும். எப்போதாவது வரும் நீளமான பலகைக்காகப் பெரிய மெஷின் தேவையில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் திறந்த மெஷினாக இருந்தால், பலகையில் துளை போட்டு, இடம் மாறாமலிருக்கச் சிறு முளை செருகி, பகுதி பகுதியாக நகர்த்தி வெட்டலாம்.

3018 என்று விற்கும் குட்டி மெஷின்களின் வேலைப்பரப்பு 300-க்கு 180 மி.மீ. சர்க்யூட் போர்டு வெட்ட, பெயர் செதுக்க, மெஷினுக்கு நகர்வுக் கட்டளை தரும் ஜி-கோட் பழக நல்லது. ஆனால் 18 மி.மீ. பிளைவுட்டில் பாகம் பாகமாக வெட்டி எடுப்பது அதன் வேலை அல்ல. உங்கள் தேவைக்கு அதற்கு மேலேதான் பார்க்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் மெஷின் மரத்துக்குப் போதும், விலையும் குறைவு, ஆனால் பெல்ட் கொஞ்சம் இழுபடும். அலுமினிய ஆசை நிஜம் என்றால் பெல்ட்டுக்குப் பதில் பால் ஸ்க்ரூவும் (குண்டுகள் மீது ஓடும் திருகு) லீனியர் ரெயிலும் (உறுதியான எஃகுத் தண்டவாளம்) உள்ளதைப் பாருங்கள். ரப்பர் போன்ற சக்கரங்களில் ஓடுவதைத் தவிர்க்கலாம். தொடக்க இடத்தைக் காட்டும் ஹோமிங் சுவிட்சும் எமர்ஜென்சி ஸ்டாப்பும் கட்டாயம். சிறு சிறு படிகளாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு ஸ்டெப்பைத் தவறவிட்டால் சாதாரண கான்ட்ரோலருக்கு அது தெரியவே தெரியாது. அதன் பிறகு வெட்டுவதெல்லாம் தள்ளித் தள்ளி விழும். மறுபடி பழைய இடத்தைப் பிடிக்க ஹோமிங் வேண்டும். கான்ட்ரோலரில் ஓடும் மென்பொருள் ஜிஆர்பிஎல் போல யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வகையாக இருக்கட்டும். விற்பவரின் மென்பொருளில் மட்டுமே ஓடும் மெஷின் எனக்குப் பிடிக்காது.

ஸ்பிண்டிலுக்கு ஆரம்பத்தில் கையில் பிடித்து ஓரம் சீவும் நல்ல ட்ரிம் ரௌட்டர் போதும். சத்தம் அதிகம், கார்பன் பிரஷ் தேயும், ஆனால் பழுதானால் மாற்றுவது எளிது. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் கேட்பதற்கு நன்றாக இருக்கும். அதற்கு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி என்ற கருவி வேண்டும், அந்த எடையைத் தாங்கும் சட்டமும் வேண்டும். எதுவானாலும் வேகக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். 18,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று), இரண்டு வெட்டு முனை உள்ள பிட், ஒவ்வொரு முனையும் 0.05 மி.மீ. சீவ வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 1,800 மி.மீ. நகர வேண்டும். பயந்துகொண்டு மெதுவாக ஓட்டினால் பிட் சீவாமல் உரசும், மரம் கருகும், பிட் சீக்கிரம் மழுங்கும். இந்த வேகத்தைத் தாங்க முடியாத மெஷினில் ஆர்பிஎம்மைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டும் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். என் கணக்கில் மொத்தப் பணத்தில் பாதிதான் மெஷினுக்கு. ஸ்பிண்டிலும் அந்தப் பாதிக்குள்ளேயே வர வேண்டும். மீதிப் பாதியில் பெரிய பங்கு தூசிக்குப் போகட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் ஐஏஆர்சி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் மரத்தூளை வைத்திருக்கிறது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) தூள் மிக நுண்ணியது, காற்றில் வெகுநேரம் மிதக்கும். பிட்டைச் சுற்றி பிரஷ் வைத்த டஸ்ட் ஷூ, நல்ல வாக்குவம், அதற்கு முன்னால் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சைக்ளோன், கூடவே முகக்கவசம். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு தனி. மெஷின் ஓடும்போது அறையை விட்டுப் போகாதீர்கள். மழுங்கிய பிட் உரசி வரும் நெருப்புப் பொறி தூள் சேர்ந்த டப்பாவுக்குள் போனால் தீப்பிடிக்கும்.

அப்புறம் பிட். நாற்பது பிட் உள்ள மலிவுப் பெட்டி வேண்டாம். 6 மி.மீ. அப்கட் ஒன்று, டவுன்கட் ஒன்று, 3 மி.மீ. ஒன்று, எழுத்து செதுக்க 60 டிகிரி வி-பிட், தளத்தைச் சமன் செய்ய அகலமான பிட். அப்கட் தூளை மேலே தள்ளும், ஆனால் மேல்பரப்பில் சிம்பு எழும். டவுன்கட் மேல் ஓரத்தைச் சுத்தமாக வெட்டும், தூள் பள்ளத்துக்குள் அடைத்துக்கொள்ளும். ஐந்தையும் கார்பைடில் நல்லதாக வாங்குங்கள், அடிக்கடி உபயோகிப்பதில் இரண்டாவது ஒன்று இருக்கட்டும். ட்ரிம் ரௌட்டரின் கால் அங்குலக் கொலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போடாதீர்கள், பிடி நிற்காது; அதற்கு 6 மி.மீ. கொலெட் வேண்டும். பலகையை இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் போக, பலகையிலும் தளத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவில் சூப்பர் க்ளூ விடும் வழி தட்டையான வேலைக்கு அருமையாக வேலை செய்யும்.

பணம் பற்றாவிட்டால் லேசர் ஹெட், நான்காவது அச்சு எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். தூசிச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. வரைவு மென்பொருளான ஃப்ரீகேட் இலவசம். அதில் உங்கள் முதல் வேலையை வரைந்து, டூல்பாத் (பிட் நகரும் பாதை) உருவாக்கி, சிமுலேஷன் ஓட்டிப் பாருங்கள். பலகையின் கனம், அதன் கீழே போடும் எம்டிஎஃப் தளத்தின் கனம், பிட் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், கிளாம்புக்கு மேலே தூக்க வேண்டிய உயரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வாங்க நினைக்கும் மெஷினின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே அவ்வளவு இடம் இருக்கிறதா, இசட் அச்சு அந்த அளவுக்கு ஏறி இறங்குமா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.