செக்போஸ்டில் முகம் எடுத்தார்கள், அழிக்க ஆறாயிரமாம்!

கேள்வி: ஆந்திராவில் நகரி பக்கம் ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். போன மாதம் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது செக்போஸ்டில் இறக்கினார்கள். ஒரு போலீஸ்காரர் சட்டையில் சின்ன கேமரா. இன்னொருவர் செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் யாரோ ஒருவர் படமும், பக்கத்தில் 81 என்றும் வந்தது. "செம்மரக் கேஸா?" என்று கேட்டு, ஆதாரைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு ஏஜென்ட், ஆறாயிரம் கொடுத்தால் போலீஸ் கம்ப்யூட்டரிலிருந்து என் முகத்தை எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். சீட்டாட்ட கேஸில் மாட்டிய என் மச்சான் படத்தையும் சேர்த்து எடுப்பாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆறாயிரம் போவதுகூடப் பெரிதில்லை. அந்த ஆள் அடுத்து என்ன கேட்பார் தெரியுமா? ஆதார் ஜெராக்ஸ், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, செல் நம்பர். செக்போஸ்டில் உங்கள் முகம் மட்டும்தான் போயிருக்கலாம், பெயரைக் குறித்துக்கொண்டார்களா என்றுகூடத் தெரியாது. ஏஜென்ட் கையில் முகமும் பெயரும் முகவரியும் ஒரே கவரில் போய்ச் சேரும். மீ சேவா என்ற அரசு சேவை மையத்தின் வாசலில் நிற்கும் இந்தக் கூட்டத்தை இருபது வருடமாகப் பார்க்கிறேன். முன்பு பட்டா, அப்புறம் ரேஷன் கார்டு, இப்போது முகம்.

அந்த 81 என்ன? கம்ப்யூட்டர் உங்கள் முகத்தை எண்களாக மாற்றி, கையிலிருக்கும் ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு, இவரைப் போல இருக்கிறார் என்று சொல்லும் மதிப்பெண். இவரேதான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் பொருந்தியதாக எடுத்துக்கொள்கிறோம் என்று டெல்லி காவல்துறை 2022-இல் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) பதிலில் சொன்னது. பட்டியலில் யார் படம் நிறைய இருக்கிறதோ, அவர்கள் சாயலில் உள்ளவருக்குத்தான் தொல்லை. செம்மரக் கடத்தல் என்றால் தமிழ் பேசும் ஆண் என்று இந்தப் பக்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை.

சட்டையில் இருந்த கேமராவை விடுங்கள், அது பெரும்பாலும் பதிவு மட்டும் செய்வது. முகத்தைத் தேடியது செல்போன். போலீஸ்காரர் போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியே இந்த வேலையைச் செய்யும்போதுதான் சிக்கல், ஏனென்றால் தேடுகிறார்கள் என்பதே நமக்குத் தெரியாது. சீனாவில் செங்சோ ரயில் நிலையப் போலீசார் 2018-லேயே அப்படிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள். உடலில் மாட்டும் கேமரா விற்கும் ஆக்ஸான் என்ற அமெரிக்க நிறுவனமோ, முகம் தேடும் தொழில்நுட்பம் அந்தக் கேமராவில் வைக்க இன்னும் லாயக்கில்லை என்று 2019-இல் ஒதுங்கிக்கொண்டது. திருமலையில் 2023 மார்ச் முதல் முகம் காட்டி அறை, லட்டு வாங்குகிறோமே என்பீர்கள். அங்கே உங்களை உங்களோடுதான் ஒப்பிடுகிறார்கள், அது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022. கைதானவர், தண்டனை பெற்றவர் ஆகியோரைப் படம் எடுக்கலாம், தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அதை 75 வருடம் வைத்திருக்கலாம். பஸ்ஸில் போகிறவர் அதில் வரமாட்டார். ஆனால் இதைச் செக்போஸ்டில் நின்று வாதாடாதீர்கள். தேதி, நேரம், வண்டி எண், சட்டையில் இருக்கும் பெயர் இவற்றைக் குறித்துக்கொண்டு, பஸ் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள், போதும்.

இப்போது மச்சான் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் முன்பு தண்டனை பெறாத ஒருவர், விசாரணை இல்லாமலே விடப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு அவர் படம், கைரேகை எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அழிக்க வேண்டாம் என்றால் நீதிமன்றம் காரணம் எழுதியாக வேண்டும். மனு கொடுக்க வேண்டியது மாநில அரசு நியமித்த நோடல் அதிகாரியிடம், தீர்ப்பு நகலோடு. ஏஜென்ட் தேவையே இல்லை. ஆனால் மச்சான் அன்றைக்கு என்ன செய்தார்? "குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று யாராவது சொல்லி, கட்டியிருந்தால், அது விடுதலை இல்லை. தண்டனை. முந்நூறு ரூபாய் ஃபைனாக இருந்தாலும் தண்டனைதான். அந்தச் சலுகை போச்சு. சாட்சி வராமல் வழக்கு தள்ளுபடியாகி விடுதலையானவருக்கு உண்டு, அவசரப்பட்டு ஒத்துக்கொண்டவருக்கு இல்லை. கோர்ட்டில் தீர்ப்பு நகல் வாங்கி, கடைசி வரியை முதலில் பாருங்கள்.

உங்களுக்கு வழி ஆர்.டி.ஐ. மனு, பத்து ரூபாய். எந்த விதியின் கீழ் சாலையில் முகம் எடுக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம் என்று மூன்றே கேள்வி. தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், தமிழில் எழுதினால் திருப்பிவிடுவார்கள். ஏஜென்ட்டுகள் பிழைப்பதே நமக்குத் தெலுங்கு எழுத வராததால்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நான் ஒரு அலுவலகத்தில் இதே கேள்வி கேட்டு, நான்கு மாதம் கழித்து ஒற்றை வரி வந்தது: "விசாரணைக்கு இடையூறு". எந்த விசாரணை என்று கேட்டு மேல்முறையீடு போட்டிருக்கிறேன். நீங்களும் போடுங்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அதைக் காட்டி அழிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். 2023-இல் வந்த அந்தச் சட்டத்துக்கு விதி வரவே 2025 நவம்பர் ஆனது. அதிலும் குற்றத் தடுப்பு, புலனாய்வு என்றால் அழிக்கச் சொல்லும் உரிமை கிடையாது. போலீஸ் வைத்திருந்தால் பத்திரமாவது இருக்குமா? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் யாரோ புகுந்தார்கள். ஒரு அட்மின் பாஸ்வேர்டு போனதுதான் காரணமாம்.

ஏஜென்ட்டுக்கு ஜெராக்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள், காசு கிடையாது. இனி யாருக்கு நகல் கொடுத்தாலும் குறுக்கே தேதியும் காரணமும் எழுதிக் கொடுங்கள்.