சாக்கடைக் கொசு கடித்தாலும் சிக்குன்குனியா வருமா?

வராது. ராத்திரியில் காதோரம் ரீங்காரமிடும் சாக்கடைக் கொசு க்யூலெக்ஸ் வகை, அது யானைக்கால் நோயைப் பரப்பும். சிக்குன்குனியாவுக்கு ஏடிஸ்தான், பெரும்பாலும் பகலில் கடிப்பது.

கொசு ஒருத்தர் ரத்தத்தை அப்படியே இன்னொருத்தருக்கு ஏற்றிவிடுவதில்லை. குடித்த ரத்தத்தில் உள்ள வைரஸ் அதன் குடல் செல்லுக்குள் புகுந்து, பெருகி, குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச் சேர வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும், அதுவரை கொசுவும் சாகாமல் இருக்க வேண்டும். பொருந்தாத கொசு என்றால் வைரஸ் குடலைத் தாண்டுவதே பெரும்பாடு.

சரி, ஏடிஸிலேயே இரண்டு உண்டு. எஜிப்டி வீட்டுக்குள் குடியிருந்து மனிதரையே தேடிக் கடிக்கும். அல்போபிக்டஸ், அதாவது புலிக் கொசு, தோட்டம் துரவில் இருக்கும், ஆடு மாடு நாய் எது கிடைத்தாலும் கடிக்கும், அதனால் அதை ரொம்ப காலம் இரண்டாம் இடத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-06இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. அங்கே எஜிப்டி அரிது, எங்கும் புலிக் கொசுதான். வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226ஆம் இடத்தில் இருந்த அலனின் வேலினாக மாறியது, புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி (அமினோ அமிலம்), அவ்வளவுதான். அதற்கப்புறம் முன்பைவிட மிகக் கொஞ்சம் வைரஸ் உள்ளே போனாலே புலிக் கொசுவுக்குத் தொற்றிக்கொண்டது. தீவு மக்களில் மூன்றில் ஒருவருக்கு நோய் வந்தது.

2007இல் கேரளத்தில் பரவிய வைரஸிலும் இதே மாற்றம் இருந்தது. அதே வருஷம் கேரளத்திலிருந்து போன ஒருவர் வழியாக இத்தாலியில் ஒரு கிராமத்துக்கும் போனது, அங்கேயும் பரப்பியது புலிக் கொசுதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. அந்தச் சமயம் அம்மாவுக்கு வந்து, காய்ச்சல் விட்ட பிறகும் ஆறு மாதம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார்கள். ஊரில் சாக்கடைக்கு மருந்து அடித்தார்கள். ரப்பர் பால் பிடிக்க மரத்துக்கு மரம் கட்டியிருந்த சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) மழைத்தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. உங்கள் வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தால் சாக்கடையை அப்புறம் பாருங்கள், முதலில் சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை கவிழ்த்துவிடுங்கள். ரப்பர் தோட்டம் என்றால், மழைக்குப் பால்வெட்டு (பாலுக்காக மரப்பட்டையைக் கீறுவது) நிற்கும் நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்தே வையுங்கள்.